எருமையை ஓட்டிப் போகிறவன்

மூன்றாவது தடவையும் எருமை சேற்றில் காலை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டது. ஜமீன் சேவகனாக வேஷம் கட்டிய பாண்டுங் நகரத்து நடிகன் கயிற்றை இழுத்து இழுத்துக் கடைசியில் வயலிலேயே உட்கார்ந்துவிட்டான். பழைய காலத்துக் கதையைப் படமெடுக்க வந்த டச்சுக்காரர் தொப்பியால் முகத்துக்கு விசிறிக்கொண்டார். வரப்பில் கூடியிருந்த ஊர் சிரித்தது.

வர்ஜா சிரிக்கவில்லை. எருமை அவனுடையது. வேறு யார் பிடித்தாலும் நகராது என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். சொன்னால் வேறு எருமை தேடிப் போய்விடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தான். மொழிபெயர்க்கிற சொபாரி தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் கூட்டத்துக்குள் பின்வாங்கினான்.

“அண்ணே, அந்தச் சேவகன் சட்டைய நீங்க போட்டுக்கங்க. நீங்களே ஓட்டிட்டுப் போயிடுங்க.”

“நானா? ஊரே பாக்குதுப்பா.”

“ரெண்டு நிமிஷம்ணே. வெறும் நடிப்புதானே.”

“மாப்ள, அப்படியே எங்க வீட்டு ஆட்டையும் ஓட்டிட்டுப் போயிடாதய்யா!” என்றது வரப்பிலிருந்து ஒரு குரல்.

குடிசை வாசலில், காட்சியில் அழவேண்டிய பெண்களோடு அவன் மனைவி இயோவும் நின்றாள். காலையிலிருந்து அவளுக்கு மட்டும் அழுகை வரவில்லை. அவளுக்கு ஆறு வயதில் நிஜச் சேவகர்கள் அவள் அப்பாவின் எருமையை இதே வழியாகத்தான் ஓட்டிப் போனார்கள். அப்பா கைகூப்பிக் குந்தியிருந்தாராம். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொன்னாள், மிளகாய் அரைத்துக்கொண்டே: “கயித்தப் பிடிச்சவன் மூஞ்சி மறக்கவே இல்லங்க. நம்ம ஊர்க்காரன்தான்.”

சட்டை இன்னொருவன் வியர்வையில் நனைந்திருந்தது. வர்ஜா நாக்கைச் சொடுக்கினான். ஆற்றுக்குக் குளிக்கப் போகிற மாதிரி எருமை பின்னாலேயே வந்தது. விவசாயியாக நடித்தவன் கைகூப்பிக் குந்தினான். வாசலைத் தாண்டும்போது யாரோ ஓடிவரும் சத்தம். கயிறு வெடுக்கென்று இழுபட்டது.

“விடுடா!”

இயோ. அவனை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

“நான்தான் இயோ.”

அவள் சட்டையையே பார்த்தாள். டச்சுக்காரர் என்னவோ கத்தினார். படக்கருவி நின்றது.

“பிரமாதம்க்கா! அப்படியே இன்னொரு தடவ பண்ணச் சொல்றாரு” என்று ஓடிவந்தான் சொபாரி.

அவள் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். எருமை அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்து வாலை அடித்துக்கொண்டது. வர்ஜா பொத்தான்களைக் கழற்றப் பார்த்தான். சேறு படிந்த விரலுக்குள் ஒன்றுகூடச் சிக்கவில்லை.