விடுப்புக்குக் காரணம்

பால் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு அவள்தான் தலைவி. டேங்கரின் மூடியைத் திறந்து ஒருமுறை முகர்ந்தால் போதும், பால் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவாள். லாரி ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்த பெயர் மூக்கம்மா. நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கல்யாணத்தில் என்றைக்குமே நாட்டம் இருந்ததில்லை. குழந்தைதான், கொஞ்ச நாளாக, வேண்டும் போலிருந்தது. முகம் தெரியாத ஒருவரின் விந்துக்கொடையில் பெற்றுக்கொள்ள வழியிருக்கிறதாமே, மருத்துவரைப் பார்த்துக் கேட்கலாம் என்று விடுப்புக் கேட்டாள்.

"திடீர்னு எதுக்கு லீவு?" என்றார் மேலாளர்.

ஒளிக்க என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். இத்தனை வருஷமாக 'நீங்க' என்றவர், திரும்பி வரும்போது 'நீ'க்கு இறங்கியிருந்தார்.

"எவனோ ஒருத்தன் எதுக்கு? நான் இல்லையா? ஈ காக்காவுக்குத் தெரியாம முடிச்சிடலாம். உனக்கும் ஒரு உதவியா இருக்கும்..."

மேசை மேலிருந்த படத்தில் அவருடைய இரண்டு பெண்களும் பள்ளிச் சீருடையில் சிரித்தார்கள். அவர் உதட்டோரம் காப்பி நுரை காய்ந்திருந்தது. சட்டையிலிருந்து அத்தரும் வியர்வையும் கலந்த நெடி வந்தது. கதவை அகலத் திறந்துவிட்டாள்.

"இப்ப சொன்னதை எல்லாருக்கும் கேக்கற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றது.

"ஐயோ, சும்மா விளையாட்டுக்கும்மா!"

கணக்கர் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். அன்றைக்கே தலைமை அலுவலகத்துக்குப் புகார் அனுப்பினாள்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போய் நடந்ததைக் கொட்டினாள். அக்கா துணி மடித்துக்கொண்டே கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆள் பார்க்க எப்படிடி? நல்ல நிறமா?" என்றாள்.

"அக்கா!"

"கோவிச்சுக்காதடி. ஊசி, மருந்துன்னு உடம்பைக் கெடுத்துக்கறதுக்கு..."

மேலாளராவது அந்நியன். இவள் கூடப் பிறந்தவள். அக்கா கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடப் பிடிக்காமல் எழுந்து வந்துவிட்டாள். இந்த மனுஷர்களுக்கு நடுவிலா ஒரு குழந்தையைக் கொண்டுவருவது? பல நாள் அந்தக் கேள்வி அவளைத் தின்றது. ஆனால் இவர்களுடைய அழுகலுக்குப் பயந்து தன் ஆசையை விட்டுக்கொடுப்பது அதைவிட அசிங்கமாகப் பட்டது.

மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. "இந்த வயசுல வாய்ப்பு கம்மிதான். துணைக்கு யாரும் வரலையா? யோசிச்சுட்டு வேணும்னா வாங்களேன்."

"யோசிச்சாச்சு டாக்டர்."

நர்ஸ் ரத்தம் எடுக்கக் கூப்பிட்டாள். மேலாளரின் அத்தர் நெடி இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை. அதோடேயே கையை நீட்டினாள்.