இரண்டு பாட்டில் மட்டும்

மார்ச் 9, திங்கள். நேற்று எழுதிய கணக்கில் ஒரு சிறு பிழை.

"ரெண்டு பாட்டிலுக்கு மேல போகாம பாத்துக்கங்க தம்பி" என்று அண்ணி சொல்லியிருந்தாள். மொட்டைமாடியில் நானும் நோட்டில் கோடு போட்டு எண்ணினேன். கண்ணாடி பொருத்தும் வேலை செய்யும் அண்ணன் இரண்டோடு நிறுத்திவிட்டு, கஞ்சாவைப் பற்றவைத்தான். அதற்கு நான் கோடு போடவில்லை. குடித்ததன் மேல் அது இன்னும் வேகமாக ஏறும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

"எழுதிக்கோடா கணக்கப்புள்ள, ரெண்டுதான்!" என்று சிரித்தபடி எழுந்தவனின் முகம் வெளுத்தது. தலை சுற்றிப் படிக்கட்டில் உருண்டான். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"வேற என்ன எடுத்தாரு?" என்று ஆஸ்பத்திரியில் மருத்துவர் என்னிடம் கேட்டார்.

"வாயத் தொறந்தா என் வேலை போயிடும்டா" என்று அண்ணன் என் காதருகே முனகினான்.

"ரெண்டு பியர்தான் சார்" என்றேன்.

"நல்லவேளை, நீங்க கூட இருந்தீங்க" என்றாள் அண்ணி. அவளிடமும் நோட்டில் இருந்த இரண்டு கோடுகளைத்தான் காட்டினேன்.

இன்று மாலை வகுப்பு முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் சொன்னார்: "வேற எது எடுத்திருந்தாலும் சொல்லிடுங்க, மறைச்சா மயக்க மருந்து உயிருக்கே வினையாயிடும்." அப்போதும் தலையைத்தான் ஆட்டினேன்.

நாளை காலை எட்டு மணிக்கு அறுவைசிகிச்சை. ஏழு மணிக்கே போய், அண்ணி எதிரிலேயே மருத்துவரிடம் கஞ்சாவைச் சொல்ல வேண்டும்.