விடுதிக் குழுவில் விழுந்த அம்மா குரல்

நான் விடுதி வாசலில் காவலுக்கு வந்த காலத்தில் மாடிப்படிக்கு அடியில் ஒரே ஒரு போன். மணி அடித்தால் நான்தான் எடுத்து, பேரைச் சொல்லித் தொண்டை கிழியக் கத்துவேன். பையன் விழுந்தடித்து ஓடி வருவான். அம்மாவிடம் பேசும்போது அவன் மூக்கை உறிஞ்சினால், வரிசையில் நிற்கும் தடியன்கள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்கள். மேலே போன பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. போக்கிரிப் பயல்கள்தான். ஆனாலும் அவர்கள் முகமெல்லாம் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

இப்போது ஆளுக்கொரு போன். தண்ணீர் மோட்டார் போடச் சொல்ல வசதி என்று என்னையும் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்கள். எனக்கு அந்தச் சனியன் மேல் நம்பிக்கையே கிடையாது.

ஒருநாள் அதில் வந்து விழுந்த குரல் பதிவில் ஒரு தாய் பேசினாள். "கண்ணு, சாப்பிட்டியா? அழுதுட்டே தூங்காதடா, அம்மாவுக்குத் தாங்கல."

முதல் வருஷத்துப் பையன், ஒல்லிப் பயல் என்பதால் எல்லாருக்கும் ஒட்டடைக்குச்சி, அம்மா அனுப்பியதை அக்காவுக்கு அனுப்பப் போய்க் கைதவறிக் குழுவில் போட்டுவிட்டான். உடனே அழித்தான். அதற்குள் பக்கத்து அறை ரேடியோ, வாய் ஓயாத பயல், அந்தக் குரலை எடுத்துத் தாளம் சேர்த்துப் பாட்டாக்கிவிட்டான். சாப்பாட்டுக் கூடத்தில் மேசைக்கு மேசை அதே பாட்டு. ஒட்டடை சாப்பிட வருவதையே நிறுத்திவிட்டான்.

அடுத்த நாள் சாயங்காலம் பெட்டியோடு வந்து அறைச் சாவியை என்னிடம் நீட்டினான். "படிப்பே வேணாம் தாத்தா. ஊருக்குப் போறேன்."

பின்னாலேயே ரேடியோ ஓடி வந்தான். "டேய், குரூப்ல சாரி போட்டேனே, பாக்கலையா?"

நான் பார்த்தேன். கும்பிடுகிற கைப்படம். இவனுடைய சொந்தக் கைகள் பேன்ட் பைக்குள் இருந்தன.

"வாயத் திறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?" என்றேன்.

"நேர்ல சொல்ல ஒரு மாதிரி இருக்கு தாத்தா."

"பாட்டுப் போடறப்போ இல்லையாக்கும்?"

அப்போது ஒட்டடையின் போன் அடித்தது. அம்மா. அவன் எடுக்கவில்லை. ரேடியோ வாங்கிப் பேசினான்.

"அம்மா, நான் பக்கத்து ரூம்மா. அவன் சாப்பிடப் போயிருக்கான்... நல்லா சாப்பிடறான்மா... நானா? இன்னும் இல்லம்மா." அந்த அம்மா அவனையும் சாப்பிட்டியா என்று கேட்டிருக்கிறாள்.

போனைத் திருப்பிக் கொடுத்தான். "தப்புதான்டா. பாட்ட அழிச்சுட்டேன்."

"மத்தவங்க போன்ல இருக்கே?"

"ரூம் ரூமாப் போய் அழிக்க வைக்கறேன். நீ போயிடாத."

நான் நம்பவில்லை. ஆனால் மேலே கதவு தட்டும் சத்தம் கேட்டது. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. "டேய், போனை எடு!" என்று அவன் கத்துவது கீழே வரைக்கும் வந்தது. இந்தத் தாழ்வாரத்தில் ஒருவன் இன்னொருவன் கதவைத் தட்டி எத்தனை காலமாயிற்று!

ஒட்டடை பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்து நின்றான். பிறகு என்னிடம் கேட்டான்:

"தாத்தா, சாப்பாடு எத்தனை மணி வரைக்கும் போடுவாங்க?"