மடிப்புக்கு ஒரு சாண்

தையல்காரர் வீட்டு இஸ்திரி மேஜைமேல் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் வந்து குந்தி ஒரு மாதமாகிறது. எழுந்திருக்கும் உத்தேசம் அவற்றுக்கு இல்லை. துணி தேய்க்க இடமில்லாமல் தவித்த மனைவி கெடு வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் அதுகளுக்குச் சொந்தக் கால் முளைக்க வேண்டும். பாட்டும் காதால் கேட்கிற மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவள் தம்பி தூக்கிக்கொண்டு போவான். அவனோ வாரம் தவறாமல் வந்து, மீன் கூடையைப் பூனை பார்ப்பதுபோல் அந்தப் பெட்டிகளைப் பார்த்துவிட்டுப் போகிறவன்.

தையல்காரருக்குப் பெட்டிகள் என்றால் உயிர். கத்தரி பிடித்த கைக்கு ரம்பம் வராதா என்று தாமே இறங்கினார். ஸ்பீக்கர் காது மட்டத்தில் நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து, இன்ச் டேப்பால் தம் காதைத் தாமே அளந்தார். பலகையில் சாக்பீஸால் கோடு போட்டு அறுத்தார். நான்கு பலகை சேர்ந்தது ஒரு கால். உள்ளே வெறும் கூடாக இருந்தால் அதிரும் என்று மணல் நிரப்பினார். மணல் கசியாதிருக்கக் கித்தானில் நீளப் பைகள் தைத்தார். பார்த்தால் ஒற்றைக்கால் பேன்ட் மாதிரி, இரட்டைத் தையலோடு, ஜோராக இருந்தன.

ஞாயிறு மாலை மச்சினன் கையில் சாக்கோடு வந்து சேர்ந்தான். ஸ்டாண்டைத் தள்ளிப் பார்த்தான். வலித்தது அவன் தோள்தான். பாட்டுப் போட்டார்கள். தையல்காரர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் திறந்துவிட்டார். பாட்டு அவரைக் கண்டுகொள்ளாமல் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது.

டேப் எடுத்து அளந்தார். சரியாக ஒரு சாண் கூடுதல். வளர்கிற பிள்ளைகளுக்குக் கால்சட்டை தைக்கிற பழக்கத்தில், பலகைக்கும் மடிப்புக்கு விட்டிருக்கிறார்.

"என்ன மாமா, அடுத்த வருஷம் ஒசரமாயிடும்னு பெருசா தச்சிட்டீங்களா?" என்று மச்சினன் சாக்கை உதறினான்.

பசை இறுகிவிட்டது, அறுத்தால் மணல் கொட்டும். இருந்தும் தையல்காரர் ரம்பத்தைத் தேடினார்.

காலியான மேஜையில் மனைவி அதற்குள் தேய்க்க ஆரம்பித்திருந்தாள். ஒரு காலரின்மேல் இஸ்திரிப் பெட்டி அப்படியே நின்றது.

"ஏங்க, பாடறதுக்கு முன்னாடி அந்தம்மா மூச்சு இழுக்குதே, அது முன்னயும் இருந்துச்சா?"

இருந்தது. இவ்வளவு நாளும் அவளுக்கு அது இரைச்சலில் ஒரு பங்கு. இப்போது சட்டைமேல் குனிந்த அவள் காதும் ஸ்பீக்கரும் ஒரே மட்டத்தில் இருந்தன.

அவர் கையில் ரம்பத்தைப் பார்த்ததும், "அதுல கை வெச்சீங்கன்னா தெரியும் சேதி" என்றாள். தம்பி சாக்கைக் காட்டினான். அதில் வெட்டுத்துணியை அள்ளிக்கொண்டு போய்க் குப்பையில் போடச் சொல்லிவிட்டாள்.

தையல்காரர் இரண்டு தலையணைகளை நாற்காலியில் போட்டு ஏறி உட்கார்ந்தார். கால் தரையைத் தொடாமல் தொங்கியது. பாட்டு காதுக்கு வந்தது. காலர் கருகும் வாசனையும் வந்தது. புதுக் காலர் வைத்துத் தைத்துக்கொள்ளலாம், பாட்டு முடியட்டும் என்று சும்மா இருந்தார்.