வேலிக்குள் ஒரு மாடு

1

இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவரின் வரவேற்பறையில் கிடைத்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த, மரம் அளக்கும் பெண் சொன்னாள். மேய்ச்சல் நிலத்தில் மாடு விடாமல் காட்டைத் தானாக வளரவிட்டால், மரங்கள் காற்றிலிருந்து பிடித்துவைக்கும் கரிக்கு நிறுவனங்கள் பணம் தருகின்றன. கார்பன் கிரெடிட் என்கிறார்கள். சொன்னபடி நடக்கிறதா என்று ஆண்டுக்கொருமுறை போய்ப் பார்ப்பது அவள் வேலை.

2

நான் எழுதிய முதல் வரி: ‘காடு திரும்பி வந்துகொண்டிருந்தது.’ அழகாக இருந்தது. சந்தேகம் வந்து அடித்துவிட்டேன்.

இன்னொன்று: மாடுகளை விற்ற அன்று, அவள் சொன்ன அந்த மாட்டுக்காரர்…

(இல்லை. அன்று அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.)

3

தெரிந்ததைச் சொல்கிறேன். மாட்டுக்காரரின் மனைவி இறந்துவிட்டார். வெளியூர் மகள் சொல்லி அவர் இந்தக் கார்பன் ஒப்பந்தம் போட்டார். ஒரு கிழட்டுப் பசுவை வீட்டருகே வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்றார். மாடுகளோடு மாட்டு வைத்தியர், வைக்கோல் வண்டிக்காரர், பால் வேன் எல்லாம் வருவது நின்றுபோனது. [இதை யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். என் ஊகம்.]

போன ஆண்டு வேலிக்கம்பி தளர்ந்திருந்தது. சரிசெய்தாயிற்றா என்று பார்க்க அவள் மறுமாதமே மறுபடி போனாள்.

இந்த ஆண்டு வேலிக்குள் புதுச் சாணி. கம்பிகள் விறைப்பாக இருந்தன. கேட் மட்டும் திறந்திருந்தது. ஒரு மாடு நுழைந்தாலும் ஒப்பந்தம் முறியும். முன்பணத்தைத் திருப்ப நிலத்தைத்தான் விற்க வேண்டும்.

4

“மாடு எப்படிண்ணே உள்ள போச்சு?”

“நான்தான் விட்டேன்.”

“தெரிஞ்சேவா?”

“கம்பி தளர்ந்ததுக்கே அடுத்த மாசம் வந்தீங்க. இதுக்கு ரெண்டு மூணு தடவையாவது வருவீங்கன்னு நெனச்சேம்மா.”

அவர் தொடர்ந்தார்: “மரம் பேசும்னு உங்க ஆபீஸர் சொன்னாரு. எங்கிட்ட ஒண்ணும் வாயத் தொறக்கல.”

5

நான் எழுதிப்பார்த்த முடிவுகள்.

அவள் உள்ளதை எழுதுகிறாள். நிலம் போகிறது. மகள் வந்து அழைத்துப்போகிறாள். (கதைக்கு வசதியான மகள். நம்பிக்கை வரவில்லை.)

அவள் மறைக்கிறாள். அறிக்கையில் குறை இல்லாததால் அடுத்த ஆண்டுதான் போவாள். அதுவரை அவர்…

அவள் மறைத்துவிட்டு, ஒரு விடுமுறை நாளில் சும்மா போகிறாள்.

என்ன செய்தாய் என்று அன்று வரவேற்பறையிலேயே அவளிடம் கேட்டேன். “நாளைக்குத்தான் அறிக்கை குடுக்கணும்” என்றாள். அதற்குள் அவளை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

நீங்களும் மூன்றாவதைத்தான் எடுப்பீர்கள். ஆனால் அங்கே பேருந்து கிடையாது. பெரிய சாலையில் இறங்கி வெகுதூரம் நடக்க வேண்டும். சொல்லுங்கள், நம்மில் யார் போகிறோம்?