தெரியாதா, தெரியலையா

மதிய இடைவேளையில், நீதிமன்ற வளாகத்துக் கேன்டீனில் காப்பியை ஆற்றிக்கொண்டே சாவிக்காரரின் மனைவி சொன்னாள்: "நான்தான் அப்பவே சொன்னேனே, அந்த வண்டி திருப்பத்துல நின்னுபோகுதுன்னு."

பழைய கார்களை வாங்கி விற்பவர் அவர். கை சும்மாயிருக்காமல் ஒரு சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டே இருக்கும் என்பதால் எல்லோருக்கும் அவர் சாவிக்காரர். விற்ற வண்டி எதுவும் அவரிடம் திரும்பி வந்ததில்லை. அதைச் சொல்லியே அடுத்த வண்டியை விற்பார். இப்போது ஒரு நர்ஸ், அவரிடம் வாங்கிய வெள்ளைக் காரை வேண்டாமென்று வழக்குப் போட்டிருந்தாள். இடது பக்கம் திருப்பினால் திடீரென்று இஞ்சின் அணைந்துவிடுகிறதாம். அவள் கொண்டுவந்து நிறுத்திய போதெல்லாம் மெக்கானிக் ஓட்டிப் பார்த்தான், அவரே ஓட்டிப் பார்த்தார். புதுப் பெண் மாதிரி அடக்கமாகத்தான் ஓடியது.

"எப்போ சொன்ன?"

"நம்ம வண்டி பெயின்ட்டுக்குப் போயிருந்தப்ப அதைத்தானே எனக்கு ஓட்டக் கொடுத்தீங்க? ஒரு நாள் காலைல சொன்னேன். ஷேவ் பண்ணிட்டிருந்தீங்க. 'உம்'னீங்க."

"எந்த வண்டி?"

"வெள்ளை வண்டி."

"நம்மகிட்ட நிக்கிறதுல பாதி வெள்ளைதானே!"

"அது எனக்கெப்படித் தெரியும்? நீங்க கொடுத்த சாவி, நான் ஓட்டின வண்டி."

அவர் அந்தக் காலையை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். கண்ணாடி தெரிந்தது, சோப்பு நுரை தெரிந்தது, முதுகுக்குப் பின்னால் அவள் குரலும் கேட்டது. ஆனால் அந்தக் குரல் வண்டியைப் பற்றிப் பேசியதா, தண்ணீர் மோட்டாரைப் பற்றிப் பேசியதா? முயன்றால் எதை வேண்டுமானாலும் பேசவைக்க முடிந்தது. இப்போது அவள் சொன்னதால்தான் அப்போது சொன்னதுபோல் கேட்கிறதோ? அப்படியென்றால், தெரிந்தே விற்றோமா? தெரியாமல் விற்றோமா? கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது.

அவருடைய வக்கீல், மனைவியின் தம்பிதான், அவசரமாக வந்தான். "அத்தான், ஒரே கேள்விதான் கேப்பாங்க. விக்கும்போது கோளாறு தெரியுமான்னு. தெரியாது, அவ்வளவுதான். கதை அளக்காதீங்க." பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தான். "நீ இங்கயே இரு, அக்கா." அவள் எழுந்து கூடவே வந்தாள்.

உள்ளே, பெண் நீதிபதியின் முன் நர்ஸ் முதலில் பேசினாள். "ரயில்வே கேட் திருப்பத்துல நின்னுடுச்சும்மா. பின் சீட்ல பையன். அவனைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். ரயில் வரலை. வந்திருந்தா? அந்த வண்டியை இனி நான் தொடமாட்டேன்."

அவள் பொய் சொல்லவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. மனைவியும் பொய் சொல்கிறவள் இல்லை. மெக்கானிக்கும் சொல்லவில்லை, தானும் சொல்லவில்லை. அப்படியென்றால் கார்தான் ஆளுக்கொரு பொய் சொல்கிறதா?

நீதிபதி அவர் பக்கம் திரும்பினார். "விக்கும்போது இந்தக் கோளாறு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலைங்கம்மா."

நீதிபதியின் பேனா நின்றது. "தெரியாதா, தெரியலையா? தெரியாதுன்னா எழுதிக்கலாம். தெரியலைன்னா நான் என்னத்தை எழுத?"

"தெரியாதுன்னுதான் சொல்ல வர்றார்" என்று மச்சினன் எழுந்தான்.

"அவர் வாயால சொல்லட்டும்."

சாவிக்காரர் சட்டைப்பையைத் தடவினார். சாவிக்கொத்தை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள். "என் வீட்டுக்காரி அப்பவே சொன்னாளாம், அம்மா. நான் 'உம்'னேனாம். சொல்லியிருப்பேன், எல்லாத்துக்கும் அப்படித்தானே சொல்றேன். காதுல விழுந்துச்சான்னுதான் தெரியலை."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். மச்சினன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நீதிபதி நெடுநேரம் எழுதினார். வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று முடிந்தது.

வெளியே தாழ்வாரத்தில் நர்ஸ் நேராக அவர் மனைவியிடம் போனாள். "உங்களுக்கும் நின்னுச்சாக்கா?"

"இடது பக்கம் ஒடிக்கும்போது."

"எனக்குத்தான் ஓட்டத் தெரியலைன்னு எங்க வீட்ல எல்லாரும்..." மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் சாவிக்காரர் அறிவிப்புப் பலகையைப் படித்தார். தோற்றதற்கு வருத்தப்பட வேண்டுமா என்றுகூட அவருக்குப் பிடிபடவில்லை.

நர்ஸின் வீட்டார் வளாகத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருந்த அந்த வெள்ளைக் காரிலேயே சாவிக்காரரும் மனைவியும் வீட்டுக்குக் கிளம்பினார்கள். முதல் இடது திருப்பத்தில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. 'பாத்தியா, நிக்கலை' என்பது நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிக்கொண்டார். அடுத்த திருப்பத்திலும் நிற்கவில்லை. சாலை நேரானதும் கேட்டார்:

"இதுமாதிரி இன்னும் என்னெல்லாம் சொல்லியிருக்க எங்கிட்ட?"

அவள் எதிரே பார்த்தபடி யோசித்தாள். அவர் வண்டியை ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்தார். பின்னால் வந்த லாரி ஹாரனடித்துவிட்டுக் கடந்து போனது. அவள் சீட் பெல்ட்டை அவிழ்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் மடக்கி சீட்டின்மேல் வாகாக உட்கார்ந்துகொண்டாள்.