மீன் பெட்டியில் நாற்று

என் மகள் சங்கமித்ராவுக்கு வேலை, நெல்லுக்குக் குளிர் காட்டுவது. அதற்குச் சம்பளமும் தருகிறார்கள். வியாசர்பாடியில் இதை நான் யாரிடமும் சொல்வதில்லை. சிரிப்பார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை இரண்டு தெர்மாகோல் பெட்டிகளோடு வந்து நின்றாள். காசிமேட்டில் மீன் ஏற்றுகிற அதே பெட்டி. உள்ளே விரல் உயரத்துக்கு நெல் நாற்று, சிலதில் பச்சை நூலும் சிலதில் சிவப்பு நூலும் கட்டி.

"நைனா, எங்க ஆராய்ச்சிக் கூடத்துல குளிர் ரூமு புட்டுக்கிச்சு. உன் ஐஸ் கம்பெனில ரெண்டு நாளு வச்சிக் குடு."

காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் ஆயுசு முழுக்க ஐஸ் பார் தூக்கியவன் நான். இன்றைக்கும் போனால் உள்ளே விடுவார்கள். ஆனால் ஆராய்ச்சிக் கூடத்து விதை எதையும் நான் நம்புவதில்லை, மகள் கொண்டுவந்தாலும்.

"இன்னா ஊசி போட்டு வச்சிகீற இதுக்கு?"

"ஊசியும் இல்ல, மண்ணும் இல்ல. மலை நெல்லையும் நம்ம நெல்லையும் சேர்த்தது. குளிரு வந்தா எப்படி சமாளிக்கணும்னு செடிக்குச் சொல்ற மரபணு மலை நெல்லுல கீது. பச்சை நூலு கட்டினதுக்கு அது வந்துகீது. சிவப்புக்கு வரல."

"உனக்கு எவன் சொன்னான்?"

"இலையைக் கிள்ளி டெஸ்ட் பண்ணேன்."

"இலை சொல்லிச்சாக்கும். மெட்ராஸ்ல ஏதுமா குளிரு?"

"குளிரைத் தாங்குறது உப்பையும் தாங்கலாம் நைனா. எண்ணூர் பக்கம் உப்பு ஏறின நெலத்துக்கு ஆகுமான்னு அப்புறம் பார்க்கணும். இந்த விதை இவ்ளோதான் கீது. செத்துச்சுன்னா மறுபடி மொதல்லேர்ந்து. மூணு வருஷம்."

மூன்று வருஷம் என்றதும் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டேன்.

ஐஸ் அறைக்கு வெளியே ஒரு நடைவழி உண்டு. சில்லென்று இருக்கும், உறையாது. அங்கே வைத்தேன். ஷிப்டில் டெரிக் இருந்தான், என்னோடு பார் தூக்கியவன். உள்ளே என்ன என்று சொன்னால் ஒரு மாதம் என்னை வைத்து ஓட்டுவான். அதனால் வாயைத் திறக்கவில்லை.

காலையில் போனேன். இரண்டு பெட்டியிலும் விளிம்பு வரைக்கும் உடைத்த ஐஸ்.

"டேய், இன்னாடா பண்ணி வச்சிகீற?"

"இன்னா மாமு, பெட்டிய ஐஸே இல்லாம மொட்டையா வச்சிட்டுப் போயிட்டே. மீனு நாறிடும்ல? பெட்டிக்கொரு கூடை கொட்டினேன். உனக்குன்னு தாராளமா."

"உள்ள மீனு இருந்துதா?"

"மூடியத் தெறந்தேன், கொட்டினேன், மூடினேன். கண்ண மூடிக்கினு செய்யற வேலை. மீன் பெட்டில வேற இன்னா இருக்கும்?"

அவன் மேல் தப்பில்லை. அந்தப் பெட்டியைக் கண்டால் என் கையும் அதைத்தான் செய்யும். இரண்டு பேருமாக ஐஸை வாரிப் போட்டோம். நாற்றெல்லாம் வேகவைத்த கீரை மாதிரி படுத்துக் கிடந்தது.

சங்கமித்ரா வந்து பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"அவராண்ட சொல்லியிருக்கலாமே நைனா?"

"சிரிப்பான்னு."

டெரிக் தலையைச் சொறிந்தான். "நெல்லுக்குக் குளிரா? சத்தியமா சிரிச்சிருப்பேன்மா."

பெட்டிகளை எங்கள் வீட்டு வராந்தாவில், நிழலில் வைத்தோம். சிவப்பு நூல் கட்டியது மறுநாளே வைக்கோலாகிவிட்டது. பச்சை நூலும் நுனி வெளுத்துத்தான் நின்றது. அவள் சோறு இறங்காமல் சுற்றி வந்தாள். நான் தண்ணீர் தெளித்தபடி இருந்தேன்.

ஒரு வாரம் போனது. பச்சை நூல் கட்டியவற்றில் பெரும்பாலானதில் நடுக்குருத்து வந்தது, ஊசி முனை அளவுக்கு. அப்போதும் நான் நம்பவில்லை. டெரிக் ஒரு பக்கமாக ஐஸ் கொட்டியிருப்பான் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தால் ஒரே பெட்டியில், ஒரே வரிசையில் இரண்டு நூலும் மாறி மாறி இருந்தது. ஒரே ஐஸ்தான். பக்கத்தில் இருந்தது செத்தது, இது எழுந்து நிற்கிறது.

"இது கணக்குல சேராது நைனா. நான் கேட்ட குளிரு இது இல்ல, திரும்பச் செய்யணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "ஆனா விதை தப்பிச்சிருச்சு."

பெட்டிகளை வாசல் வெயிலுக்கு நகர்த்திய பிறகு டெரிக்கும் ஒரு நாள் வந்து பார்த்தான். "மாமு, ஐஸ் போட்டது நானு. நெல்லுக்கு என் பேரை வக்கச் சொல்லு."

"வெளைஞ்சா நீயே தின்னு. நான் வாயில வைக்கமாட்டேன்."

"அப்ப இன்னாத்துக்குத் தண்ணி ஊத்தற?"

"வூட்டு வாசல்ல நின்னா ஊத்தாம பின்ன?" என்று சொல்லிவிட்டு, அவன் நிழல் நாற்றின் மேல் விழாமல் தள்ளி நிற்கச் சொன்னேன்.